நிந்தவூரின் மழைக் கொப்பி

கல்முனையில் இறங்கி, பேருந்தும் போன பிறகுதான் தோளில் தொங்குவது என் பை இல்லை என்று தெரிந்தது. நிறம் அதே கறுப்பு, கனம் மட்டும் இரண்டு மடங்கு. திறந்தால் உள்ளே மடிப்புக் கலையாத சாறன்கள், நாங்கள் லுங்கி என்பது, அடுக்கியிருந்தன. என் மடிக்கணினியும் மாற்றுச் சட்டைகளும் மழை அளக்கும் கண்ணாடிக் குடுவையும் இன்னொருவர் தோளில் ஏறி எங்கோ போய்க்கொண்டிருந்தன. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அயல்நாட்டில் என் முதல் நாள் அப்படித் தொடங்கியது.

எதிரே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு சாறனின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பயப்புடாதீங்க சேர். இது மருதமுனைத் தறிச் சாமான். இதுக்குரிய ஆள் தேடிக்கிட்டு இஞ்சதான் வருவார். நீங்க இரிங்க, தேத்தண்ணி குடிங்க."

இரண்டு தேத்தண்ணியும் பணிஸ் என்கிற ஒரு பன்னும் முடிவதற்குள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் என் பையோடு வந்து இறங்கினார். பேருந்தின் மேல்தட்டிலிருந்து அவர் பையை எடுத்து வந்தது நான்தான். ஆனாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். போகும்போது ஒரு சாறனை உருவி என் மடியில் வைத்துவிட்டும் போனார். சென்னையாக இருந்தால் அந்த நேரத்துக்கு நான் காவல் நிலையத்தில் மனு எழுதிக்கொண்டிருப்பேன். கடைக்காரரோ காசு வாங்க மறுத்துவிட்டு, "நீங்க கதைக்கிறது படத்தில கதைக்கிற மாதிரியே இரிக்கி சேர், இன்னும் கொஞ்சம் கதைங்க" என்றார்.

நான் வந்தது மழை விஷயமாக. என் வேலையைச் சொன்னால் என் வீட்டிலேயே பாதிப்பேர் நம்புவதில்லை. பூமியை ஒரு கணினிக்குள் கட்டுகிறோம். காற்று, கடல், மலை, மேகம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, நூறு ஆண்டு ஓடவிடுகிறோம். அதற்குக் காலநிலை மாதிரி என்று பெயர். ஒரு முறை மனிதர்கள் விட்ட புகையோடு ஓட்டுவோம், இன்னொரு முறை அந்தப் புகையே இல்லாமல். ஒரே குழம்பை இரண்டு அடுப்பில் வைத்து ஒன்றில் மட்டும் உப்புப் போடுவது போல. பிறகு நிலத்தில் உண்மையாகவே பெய்து, மனிதர்கள் அளந்து வைத்த மழையைப் பக்கத்தில் வைத்து, அது எந்தக் குழம்பின் ருசியில் இருக்கிறது என்று பார்ப்போம். பல பத்தாண்டுகளாக மழை மாறியிருக்கிறதே, அது இயற்கையின் போக்கா, நம் கைங்கரியமா என்பதற்கு இப்படித்தான் விடை தேட முடிகிறது.

இதில் கணினி எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை. நிலத்தில் நெடுங்காலம் அளந்த ஒரு கணக்கு வேண்டும். அம்பாறைக் கரையோரத்தில் நாள்தோறும் எழுதிய நீண்ட கணக்கு எங்கள் கைக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. நிந்தவூரில் ஒரு வீட்டு முற்றத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக அளந்தது. அது போய்விட்டால் எங்கள் வரைபடத்தில் இந்தக் கரை வெள்ளையாகக் கிடக்கும்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கணக்கு அக்கம்பக்கத்து நிலையங்களோடு ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் அச்சாகப் பொருந்தும். மறுநாள் மழை ஒரு நாள் முன்னால் தள்ளி நிற்கும். ஒரே சீராகத் தள்ளியிருந்தாலாவது திருத்திவிடலாம். இது நினைத்தபடி எழுதியது போல இருந்தது. ஆகவே நான் ஒரு கடிதம் எழுதினேன். ‘இந்த அளவுகள் நேரில் பார்த்து அளந்தவையாகத் தெரியவில்லை, உத்தேசமாக எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன. எனவே ஆய்விலிருந்து நீக்க எண்ணியுள்ளோம்.’ நல்ல தமிழ் என்று அன்று எனக்கே பெருமையாக இருந்தது. எங்கள் குழுத் தலைவி அதை இரண்டு மாதம் கழித்துத்தான் படித்தார்.

"குளிர் அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தரைப் பொய்யர் என்று எழுதுவது சுலபம். நேரில் போய்ப் பார். ஐந்து நாள் தருகிறேன். திரும்பி வந்து ‘வை’ அல்லது ‘நீக்கு’, ஒரு சொல் சொல்" என்றார்.

அதுதான் என் பயணம்.

முதல் நாள் பகலிலேயே நிந்தவூருக்குப் பேருந்து ஏறினேன். பிரதான வீதியில் இரண்டு பேருந்துகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பறந்தன. எங்கள் ஓட்டுநர் தோற்ற கோபத்தில் நிந்தவூரில் நிறுத்தாமல் போக, உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அரைக் கிலோமீட்டர் தாண்டி நின்றது. திரும்பி நடந்தேன். என் காகிதத்தில் இஸ்மாயில் என்ற பெயர் இருந்தது. வழியில் கேட்ட ஒவ்வொருவரும் வேறு வேறு இஸ்மாயிலைக் காட்டினார்கள். மழை அளக்கிறவர் என்றதும் ஒரு ஓட்டோக்காரர் சிரித்துவிட்டார்.

"அதென்னத்துக்கு இஸ்மாயில் காக்காட பேரக் கேக்கிறீங்க? மழ ராத்தாட ஊடு எண்டு கேளுங்க. சின்னப் புள்ளயும் காட்டும்."

மழை ராத்தா என்பது பரீதா. ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட ஆறு வயது மூத்தவர். ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். மழைமானியை வைத்ததும் அளந்ததும் எழுதியதும் எல்லாம் அவர்தான். கணவர் இஸ்மாயிலின் பெயர் காகிதத்தில் மட்டும்.

"நீர்ப்பாசனக் கந்தோர் ஐயா ஒருத்தர் வெட்டவெளி முத்தமா ஒரு ஊடு தேடி வந்தார். எங்களுக்குக் கலியாணம் முடிஞ்ச புதுசு" என்றார் இஸ்மாயில். "ஆம்புளப் பேர்தான் எழுதணும் எண்டு என்ட பேர எழுதிட்டுப் போயிட்டார். இது அவட ஊடு சேர். எங்கட ஊர்ல மாப்புளதான் பொண்ணூட்டுக்கு வாற. நானும் வந்து ஏறின ஆள்தான்."

மழைமானி மரத்துக்கடியில் இருக்கும், அல்லது சரிந்திருக்கும், அல்லது ஓட்டையாக இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அது முற்றத்தின் நடுவில், தென்னைகளுக்கு எட்டாத தூரத்தில், கம்பி வேலிக்குள் நிமிர்ந்து நின்றது. உள்ளே தூசி இல்லை, எறும்பு இல்லை. என் குடுவையில் தண்ணீர் ஊற்றி அவர் குடுவையோடு ஒப்பிட்டேன். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. குற்றம் கண்டுபிடிக்க வந்தவனுக்கு இதைவிட ஏமாற்றம் வேறு கிடையாது.

பிறகு சாப்பாடு. சம்பாச் சோறு, இறால் குழம்பு, மாட்டிறைச்சிப் பிரட்டல், சுறா வறை, கடைசியில் மண்சட்டி எருமைத் தயிரும் பாணி என்கிற இனிப்புப் பாகும். தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் தயிர் என்று பாக்கெட்டில் வருவதை இவர்களிடம் காட்டக்கூடாது என்று முடிவு செய்தேன். மூன்றாம் முறை சோறு வைக்கும்போது, அந்தக் கடிதம் எழுதியது நான் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வாயில் இறால் இருந்தது. சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பரீதா ராத்தா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே முப்பத்திரண்டு கொப்பிகள், ஆண்டுக்கு ஒன்று. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பிகள்தான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, கோட்டில் ஓர் எண், மழை இல்லாத நாளில் ஒரு சுழியம். கந்தோருக்கு, அதாவது நீர்ப்பாசன அலுவலகத்துக்கு, அனுப்புவது இதைப் பார்த்து எழுதிய பிரதி.

சுனாமி வந்த ஆண்டின் கொப்பி நீரில் ஊறிக் காய்ந்து உப்பியிருந்தது. அந்த மார்கழிக் கடைசியில் சில கோடுகள் வெறுமையாக இருந்தன. ஓரத்தில் ‘அளக்க இல்ல’ என்று மட்டும். உத்தேசமாக எழுதுகிற ஆளாக இருந்தால் அந்த இடத்தில் எதையாவது நிரப்பியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 

போன ஆண்டுக் கொப்பியைப் புரட்டினேன். போன கார்த்திகையில் பத்தொன்பது கோடுகள் வெறுமை. ஓரத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. வெறுமை தொடங்கிய தேதியைப் பார்த்தேன். என் கடிதம் வந்து சேர எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்குப் போடவே தேவைப்படவில்லை. அந்தப் பத்தொன்பது நாளுக்குள்தான் இந்தக் கரையெங்கும் வெள்ளம் ஏறிய பெருமழை பெய்திருந்தது. கொப்பியை மூடித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். 

மாலையில் இஸ்மாயில் காக்கா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. வரப்பில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"உங்கட கொம்பியூட்டர் எங்கட மாரிக்கு என்ன சொல்லுது சேர்? முந்தி மாரி எண்டா நாள் கணக்கா நிண்டு பெய்யும். இப்ப ஒரேயடியாக் கொட்டிட்டுப் போயிருது. மறுகா பதினஞ்சு நாளைக்கு வெயில். இது நம்மட பிழையா, இல்ல ஆண்டவன்ட நாட்டமா?"

ஆண்டவனைப் பற்றி எங்கள் கணினிக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தெரிந்ததைச் சொன்னேன். காற்று சூடாகச் சூடாக அதிக நீரைச் சுமக்கும், இறக்கும்போது கொட்டும். புகைத்தூசி வெயிலை மறைத்து மழையைக் குறைக்கப் பார்க்கும். இதற்கு நடுவில் கடல் தன் பாட்டுக்குச் சில ஆண்டு சூடாகும், சில ஆண்டு குளிரும். மூன்றும் மூன்று பக்கம் இழுக்கிற இடம் இந்தக் கரை. எங்கள் மாதிரிகள்கூட இங்கே ஒரே பதில் சொல்வதில்லை. எது எவ்வளவு இழுத்தது என்று பிரிக்க, நாள் நாளாக எழுதிய கணக்கு வேண்டும். மாதக் கூட்டுத்தொகை போதாது, ஏனென்றால் முப்பது நாள் தூறினாலும் மூன்று நாள் கொட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றாகிவிடலாம்.

"அப்ப பரீதாட கொப்பி முக்கியமெண்டுறீங்க."

"ஆமாம்."

"அப்ப என்னத்துக்குத் தூக்கிறம் எண்டு எழுதின?"

நான் நெல்லைப் பார்த்தேன்.

"இந்தியாலரிந்து ஒரு காயிதம் வந்த சேர். என்ட பேருக்குத்தான். நான்தான் வாசிச்சுக் காட்டின. கேட்டுட்டு எழும்பின அவ, மழமானிக்கு மேல ஒரு சட்டியக் கவுத்துட்டு உள்ளுக்குப் போயிட்டா. பத்தொம்பது நாள். வட்ட விதானதான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, ‘ராத்தா, எத்தின? வாய்க்கால வெட்டிடவா, விடவா?’ எண்டு கேட்டுக் கேட்டு, சட்டிய எடுக்க வெச்சார்." வட்டை விதானை என்பவர் அந்த வயல்வெளிக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளர்.

"அந்தக் கடிதம் எழுதினவனைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இஸ்மாயில் காக்கா கொஞ்சம் யோசித்தார். "என்ன செய்ய? ஊட்ட கூட்டிட்டு வந்து, சோறு குடுத்து, கேப்பன்."

மூன்றாம் நாள் சாகாமத்துக்குப் போனேன். கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு குளத்தை ஒட்டிய ஊர். அங்கும் ஒரு மழைமானி உண்டு. நிந்தவூரோடு ஒத்துப்போகாதவற்றில் அதுவும் ஒன்று. போகும் வழியில் ஓட்டோவின் சக்கரம் பஞ்சரானது. மாற்றுச் சக்கரமும் பஞ்சர். ஓட்டோக்காரர் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, வந்த உழவு இயந்திரத்தை மறித்து என்னை அதன் பின்பெட்டியில் ஏற்றிவிட்டார். உரமூட்டை மேல் உட்கார்ந்து குளக்கட்டில் போய் இறங்கினேன். வயசுக்கு ஏற்ற சவாரி இல்லை, ஆனால் குளத்தை அவ்வளவு உயரத்திலிருந்து வேறெப்படிப் பார்த்திருக்க முடியும்?

பத்து மணிக்கு மழை பிடித்தது. குளத்தின் அக்கரை மறைந்தது. அங்கே மழை அளக்கிறவரும் நானும் ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கினோம். அரை மணி நேரம் நன்றாக அடித்து ஓய்ந்தது.

"இப்போது அளப்பீர்களா?"

"இப்ப இல்ல சேர். நாளைக்குக் காலம எட்டரைக்கு. நாளத் திகதியில போகும்."

எங்கள் முறையும் அதுதான். காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை ஒரு நாள். அவர் ஒழுங்கானவர், மழை பகலில் பெய்ததா இரவில் பெய்ததா என்றுகூட ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். சில மாதக் குறிப்புகளைப் படம் எடுத்துக்கொண்டேன்.

நிந்தவூர் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கும் அதே மழை பெய்து முற்றம் ஈரமாக இருந்தது. பரீதா ராத்தா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மழைமானிக்குப் பக்கத்தில் நின்றார். குடுவையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார், தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றினார், கொப்பியில் அன்றைய தேதிக் கோட்டில் எண்ணை எழுதினார். மழைமானிக்குள் நீர் சேரும் போத்தலைத் திரும்ப வைத்து மூடவும், பள்ளிவாசலில் பொழுது படும் நேரத்து மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு எழும்பவும் சரியாக இருந்தது.

"ராத்தா, எப்போதும் இந்த நேரத்தில்தான் அளப்பீர்களா? காலையில் இல்லையா?"

"காலைலயா? நாள் முடியாம எப்பிடி சேர் அளக்கிற?"

"நாள் எப்போது முடியும்?"

பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"மஹ்ரிப்போடதானே. பாங்கு சொன்னா மத்த நாள் தொடங்கிட்டு. வியாழக்கிழம பொழுது பட்டாப் பொறவு வெள்ளி இராவு எண்டுதானே சொல்ற? கந்தோர் ஐயா, ஒரு நாள் மழய ஒரு கோட்டில எழுதுங்க எண்டார். நேரமொண்டும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. நாள் எப்ப முடியிற எண்டு யாரும் கேப்பாங்களா?"

நான் விடுதிக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றாமல் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்தேன். இரவில் பெய்த மழை எல்லாம் இரண்டிலும் ஒரே தேதியில் இருந்தது. பகலில் பெய்தது எல்லாம் ராத்தாவின் கொப்பியில் அன்றைக்கே, சாகாமத்தில் மறுநாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒருவர் ஒரு நாளைச் சரியாக அளந்து எழுதியிருக்கிறார். அவருடைய நாள் எங்கே தொடங்குகிறது என்று நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். மொத்தக் கணக்கும் தப்பிப் பிழைத்துவிட்டது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

நான்காம் நாள் காலையில் போய் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதம் நான் எழுதியது. உங்கள் கணக்கில் பிழை இல்லை, பிழை என்னுடையது. என்னை மன்னியுங்கள். இவ்வளவையும் சொல்லி முடிக்க நாக்கு இரண்டு முறை தடுக்கியது.

இஸ்மாயில் காக்கா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தா எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், நானும் எழுந்து போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். இஞ்சி போட்ட தேத்தண்ணியோடு திரும்பி வந்தார்.

"குடிங்க, ஆறிரும்" என்று என் முன்னால் வைத்தார். பிறகு, "எழுத்து நல்ல அழகா இரிந்த" என்றார்.

நான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன்.

"முப்பத்திரெண்டு வருஷம் சேர். மூணு புள்ள பெத்த. நாப்பது நாள் ஊட்டுக்குள்ள கிடக்கக்குள்ளயும் இவர அனுப்பி அளக்க வெச்சு, இவர் வாசிக்க நான் எழுதின. மழ ரஹ்மத்து, ஆண்டவன்ட அருள். அதில பொய் எழுதுவனா? அதத்தான் என்னால தாங்க ஏலாமப் போன."

அவர் நாள் மஹ்ரிப்பிலும் எங்கள் நாள் காலை எட்டரைக்கும் முடிகிற வித்தியாசத்தை விளக்கினேன். அவருடைய கொப்பி இனி எங்கள் ஆய்வில் இருக்கும், நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும் என்றேன். கணினிக்குள் புகையோடும் புகையில்லாமலும் ஓடுகிற இரண்டு பூமிகளின் கதையையும் சொன்னேன். எந்தப் பூமி உண்மையானது என்று இந்தக் கரையில் சொல்லப்போவது அவருடைய எண்கள்தான் என்றேன். அவர் முகம் மெல்ல இளகியது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. வேலைப் புத்தி. எங்கள் விதிப்படி ஒரு மாதத்தில் அவ்வளவு நாள் வெறுமையாக இருந்தால் அந்த மாதத்தையே விட்டுவிட வேண்டும். விடுபடப்போவதோ பல ஆண்டுகளில் வராத பெருமழை பெய்த மாதம். மழை கொட்டித் தீர்க்கிறதா என்று தேடுகிறவனுக்கு அதைவிட முக்கியமான மாதம் வேறு இல்லை. கொப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ராத்தா, இந்தப் பத்தொன்பது நாளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எந்த நாள் பெரிது, எது சிறிது என்று. உங்கள் கண்ணளவு எனக்குப் போதும். ஓர் உத்தேசமாக..."

அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்தது எனக்கே கேட்டது.

ராத்தா கொப்பியை மூடினார்.

"பாக்காத மழய எழுதச் சொல்றீங்களா சேர்? அதத்தானே நான் செஞ்சனெண்டு எழுதியிரிந்தீங்க? இப்ப மாப்புக் கேக்க வந்தீங்களா, இல்ல அந்தப் பிழய என்னக் கொண்டே செய்விக்க வந்தீங்களா?"

 என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அப்படித் தலை குனிந்து உட்கார்ந்ததில்லை. முதலில் சிரித்தவர் இஸ்மாயில் காக்காதான். அது கேலிச் சிரிப்பு இல்லை. வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"விடு பரீதா. மனிசன் பேயடிச்ச மாதிரி இரிக்கார். சோறு தின்னட்டும்."

முந்தின நாட்களில் எனக்குத் தனித்தட்டு வைத்தார்கள். அன்று காக்கா பெரிய சஹனில் நெய்ச்சோறு கொண்டுவந்து பாயில் வைத்தார். சஹன் என்பது பலர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் ஒரே தட்டு. அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். நல்ல இறைச்சித் துண்டுகளை அவர் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் உலகத்தின் பல ஊர்களில் கருத்தரங்கு விருந்து சாப்பிட்டிருக்கிறேன். எந்த விருந்துக்கும் இவ்வளவு நன்றியோடு இருந்தது கிடையாது. பொய்யர் என்று எழுதியவனை ஒரே தட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். வந்திருக்காது.

பின்னேரம் மறுபடி மழை. பக்கத்திலிருக்கும் ஒலுவில் துறைமுகத்தைப் பார்க்கப் போவதாக இருந்தேன். போகவில்லை. காக்காவோடு உட்கார்ந்து, வட்டை விதானையோடு அவர் தொலைபேசியில் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் ராத்தா முற்றத்தில் இறங்கினார். இந்த முறை குடுவையை என் கையில் கொடுத்தார்.

"வாசிங்க."

குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசித்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். எண்ணை எழுதினார். தண்ணீரை ஊற்றினார். பாங்கு எழுந்தது, முடிந்தது. அவர் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வரும்வரை முற்றத்தில் நின்றேன்.

திரும்பி வந்தவர் போன ஆண்டுக் கொப்பியில் கார்த்திகையின் வெறும் கோடுகளைத் திறந்து, பேனையை நீட்டினார்.

"இந்த இடம் ஏன் வெறுமையா இரிக்கி எண்டு நீங்க எழுதுங்க. எனக்குப் பொறவு இதப் பாக்கிறவங்க நான் சோம்பலில விட்டதெண்டு நினைக்கப்படாது."

ஓரத்தில் எழுதினேன். ‘இந்தப் பத்தொன்பது நாளும் மழை அளக்கப்படவில்லை. காரணம் அளப்பவர் அல்லர். விசாரிக்காமல் நான் எழுதிய கடிதம்.’ கீழே என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். ராத்தா விளக்கருகே கொண்டுபோய் நிதானமாக வாசித்தார். ஒரு எழுத்தையும் விடவில்லை.

"சரி" என்றார். "திகதியும் போடுங்க தம்பி."

அதுவரை சேர் என்றவர் முதல் முறையாகத் தம்பி என்றார். கொப்பியை வாங்கி, பாங்கு சொல்லி முடிந்ததை நினைத்து, மறுநாள் தேதியைப் போட்டேன்.